நாய் மகனுக்கு... முடி அம்மாவுக்கா?

நாய்க்குட்டி வேண்டும் என்று அடம்பிடிப்பது பிள்ளைகள். நானே குளிப்பாட்டுவேன், நானே வாக்கிங் கூட்டிக்கொண்டு போவேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வதும் அவர்கள்தான். குட்டி வந்து நாலு மாதம் ஆனதும் நிலவரம் மாறிவிடும். கொஞ்சுவதும் போட்டோ எடுப்பதும் பிள்ளைகள் பங்கு. கட்டிலுக்கு அடியில் குனிந்து முடியைப் பெருக்குவது அம்மாவின் பங்கு. அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால், காலையில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் பங்கு.

அந்த முடி போகாத இடம் கிடையாது. ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கறுப்பு பேன்ட்டில் மின்னும். இஸ்திரி போட்டு வைத்த வேட்டியில் குத்தி நிற்கும். சாமி படத்துக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். தயிர் சாதத்தில் தலைகாட்டும்போதுதான் வீட்டில் சண்டையே ஆரம்பிக்கும்.

இதற்காகவே ரோலர், பிரஷ், ஸ்பிரே, ரோபோ என்று கடைகளில் விதவிதமாக வந்து இறங்கியிருக்கின்றன. வாங்கிக் குவித்தவர்கள் வீட்டிலும் முடி குறைந்தபாடில்லை. எல்லோரும் அதை விழுந்த இடத்தில் தேடுவதுதான் காரணம். நாய், பூனையின் முதுகிலேயே பிடித்துவிட்டால் தரைக்கு வருவது கொஞ்சம்தான். சீப்பை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே துடைப்பத்துக்கான வேலை கூடும், குறையும்.

ஏன் இப்படிக் கொட்டுகிறது?

ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓய்வுக் காலம், உதிரும் காலம் என்று ஒரு சுற்று உண்டு. மனிதர் தலைமுடி பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கும். லாப்ரடார், ஹஸ்கி போன்ற நாய்களுக்கு அப்படி இல்லை. முடி ஓர் அளவு வளர்ந்து நின்றுவிடும், நெடுநாள் ஓய்வில் இருக்கும், பிறகு உதிரும்.

இவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே சற்று முரட்டு முடி, மழையையும் வெயிலையும் தடுக்க. அதற்கு அடியில் பஞ்சு போன்ற மெல்லிய முடி, குளிருக்கு. சோபாவுக்கு அடியில் உருண்டு திரிவது பெரும்பாலும் இந்த அடிமுடிதான்.

குளிர்நாடுகளில் பகல் நீளமும் வெப்பமும் மாறுவதை வைத்து உடம்பு பருவத்தைக் கணக்குப் பார்க்கிறது. கோடை நெருங்கும்போது அடிமுடியைக் கொட்டிவிட்டு, குளிர் வருமுன் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. ஹஸ்கியின் பூர்வீகமான சைபீரியாவின் வடபகுதிகளில் குளிர்காலப் பகல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு இரவு பதினொரு மணி வரை ஹாலில் டியூப்லைட், அறையில் ஏ.சி. பருவம் எது என்று உடம்புக்குப் பிடிபடுவதில்லை. அதனால்தான் வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்கள் பலவும் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

குட்டை முடிக்கு ஏமாறாதீர்கள்

நீளமான முடி என்றால் அதிகம் கொட்டும், குட்டை முடி என்றால் கவலை இல்லை என்று நினைத்துத்தான் பலர் குட்டி வாங்குகிறார்கள். உண்மை பல நேரம் நேர்மாறாக இருக்கிறது.

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடி வந்த பக் இன நாய் நினைவிருக்கிறதா? அதன் பிறகு ஊரெங்கும் பக் வாங்கியவர்கள், அந்தக் குட்டை முடி கொட்டும் வேகத்தைப் பார்த்து மிரண்டுபோனார்கள். சந்தன நிற பக்குக்கும் பெரும்பாலும் இரண்டு அடுக்கு முடி உண்டு. லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் குளிர்ந்த கடலில் இறங்கி வேலை செய்த நாய்கள். அந்தக் கடலுக்காக வந்த அடிமுடியைத்தான் மதுரை வெயிலில் நாம் பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஷிட்சு, பூடில் இனங்களின் முடி நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருப்பதால் தரையில் விழுவது குறைவு. ஆனால் உதிர்ந்த முடியும் வெளியே வராமல் மற்ற முடியோடு பின்னிச் சிக்குப் பிடிக்கும். பெருக்கும் வேலை குறைந்த இடத்தில் சிக்கெடுக்கும் வேலை வந்து உட்கார்ந்துவிடும்.

இந்தியத் தபால் துறை 2005-ல் நான்கு உள்நாட்டு நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. ஹிமாலயன் ஷீப் டாக்கும் நம் ராஜபாளையமும் அதில் உண்டு. ஒன்றுக்கு உடம்பெல்லாம் அடர்ந்த முடி, இன்னொன்றுக்குத் தோலோடு ஒட்டிய மெல்லிய முடி. பிறந்த ஊரின் தட்பவெப்பத்தைப் போர்த்திக்கொண்டுதான் ஒவ்வொரு இனமும் வருகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றுக்கும் முடி உதிரும்; ஆனால் உருண்டை உருண்டையாக அடிமுடி கிளம்பாது.

பத்து நிமிட சீப்பு

வேலை தொடங்க வேண்டிய இடம் மொட்டை மாடியோ பால்கனியோ. பழைய வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் நாயை நிறுத்துங்கள். லாப்ரடார், பக் போன்றவற்றுக்கு ரப்பர் முனைகள் வைத்த கையுறையே போதும். கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கிக்கு, இடைவெளி விட்ட நீளப் பற்கள் உள்ள சீப்பு வேண்டும். பெர்ஷியன் பூனைக்கும் ஷிட்சுவுக்கும் மெல்லிய வளைந்த கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷும், கூடவே உலோகச் சீப்பும்.

முதுகை மட்டும் தடவிவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்து, அடியில் தோல் தெரியும் இடத்திலிருந்து முடி வளரும் திசையிலேயே வாருங்கள். பின்தொடையின் பின்புறம், காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில்தான் சரக்கு அதிகம். ஜெர்மன் ஷெப்பர்டின் பின்தொடையில் நாலு இழுப்பு இழுத்தால் சீப்பின் பற்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை சேரும். மேலே நாய் கறுப்பாக இருந்தாலும் அடிமுடி வெளிறித்தான் இருக்கும். அந்தப் பட்டை சேருவது நின்றால் அந்த இடம் முடிந்தது. அதற்கு மேலும் அழுத்தி வாரினால் தோல் சிவந்து புண்ணாகும்.

குளிப்பாட்டுவதற்கு முன் வாருவது முக்கியம். சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் அது இன்னும் இறுகிவிடும். குளித்து நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு முறை வாரினால், தளர்ந்திருந்த முடியெல்லாம் வந்துவிடும். குளியலறைத் துவாரத்தில் ஒரு கம்பி வலையை வைக்க மறக்காதீர்கள். முடியும் சோப்பும் சேர்ந்து குழாயை அடைத்தால் பிளம்பர் வரும்வரை வீடே நாறும்.

பூனைகள் தம்மைத் தாமே வாரிக்கொள்ளும். அவற்றின் நாக்கில் இருக்கும் முட்கள் குழிவான கரண்டி வடிவில் இருப்பதையும், அவை எச்சிலைத் தோல்வரை கொண்டுபோவதையும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018-ல் விளக்கினார்கள். அப்படி வாரும் முடியில் பெரும்பகுதியைப் பூனை விழுங்கிவிடுகிறது. அதில் கொஞ்சம்தான் அவ்வப்போது உருண்டையாக வாந்தியில் வருவது. நாம் வாரிவிட்டால் அதுவும் குறையும். ஆனால் பூனையிடம் நாயிடம் போல ஒரே மூச்சில் வேலை நடக்காது. வாலை அடிக்க ஆரம்பித்தால் விட்டுவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு இதம் என்று இரண்டு அடுக்கு முடியுள்ள நாயை மொட்டையடிப்பது பரவலாக இருக்கிறது. மேல்முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கும் கூரை. மொட்டையடித்தால் தோல் நேரடியாகச் சுடும்; சில நாய்களுக்கு முடி திரும்ப ஒழுங்காக வளர்வதில்லை. அடிமுடியை வாரி எடுத்துவிட்டாலே காற்றோட்டம் வந்துவிடும்.

வாரிய முடியைப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். பால்கனியிலிருந்து உதறினால் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் போய் ஒட்டும். குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்த உரிமையைக் கையில் வைத்திருப்பவர், கீழ்வீட்டாரின் துணியையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபேனை நிறுத்திவிட்டுப் பெருக்குங்கள்

சீப்புக்குத் தப்பிய முடி தரைக்கு வரும். நம் வீடுகளில் சுவரோடு சுவராகக் கம்பளம் கிடையாது, டைல்ஸும் மொசைக்கும்தான். அது பெரிய வசதி. அந்த வசதியைக் கெடுப்பது ஓடும் ஃபேனும் காய்ந்த பூந்துடைப்பமும். துடைப்பம் போகுமுன்னே காற்றில் கிளம்பும் அடிமுடி, பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் வந்து இறங்கும்.

ஃபேனை நிறுத்துங்கள். துடைப்பதை மேலிருந்து தொடங்குங்கள்: ஃபேன் இறக்கை, அலமாரி மேல்பக்கம், சோபா, கடைசியில் தரை. தரையில் முதலில் லேசாக ஈரமான மாப்பை மூலைகளிலிருந்து நடுவை நோக்கி இழுத்தால் முடி திரியாகத் திரண்டுவிடும். குளியலறையில் தண்ணீர் தள்ளும் ரப்பர் வைப்பரும் இதற்கு அருமையான கருவி. கதவுக்குப் பின்னால், கட்டில் காலைச் சுற்றி, ஃபிரிட்ஜுக்கு அடியில் என்று காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். அங்கே தினமும், மற்ற இடத்தில் வழக்கம்போல். ஏ.சி. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

பூனை உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. தரை துடைக்கும் தண்ணீரில் ஃபினைல் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபீனால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே அது வயிற்றுக்குள் போய்விடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்துக் காயவிட்டால் போதும்.

சோபாவுக்குள் நுழைந்த முடி

தரையில் கிடப்பது சுலபமாக வந்துவிடும். துணிக்குள் போனதுதான் பிடிவாதம் பிடிக்கும். அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் பிடித்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி தானாக ஒரு பக்கமாக நகரும். திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் போகும். முடியின் மேல்தோல் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கிய நுண்செதில்களால் ஆனது. உரசும்போதெல்லாம் அது வேர்முனை இருக்கும் பக்கமாக மட்டுமே முன்னேறும். நாம் சோபாவில் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. பாலியெஸ்டர், வெல்வெட் துணி என்றால் உரசலில் உண்டாகும் நிலைமின்சாரமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

அதனால் பிரஷ்ஷை முன்னும் பின்னுமாகப் போட்டுத் தேய்ப்பது வீண் வேலை. பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, ஒரே திசையில் இழுங்கள். முடி எழும்பி ஓரத்தில் திரளும், கையால் எடுத்துவிடலாம். தையல் மடிப்புக்குப் பழைய டூத் பிரஷ். சட்டை பேன்ட்டுக்கு, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி கையில் சுற்றிய செலோ டேப்.

எந்தத் துணி எப்படி என்பதையும் பார்த்து வாங்கலாம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முடி மேலோடு நிற்கும், உதறினால் போய்விடும். நாய்க்கென்று சோபாவில் ஒரு மூலையை ஒதுக்கி மேலே பழைய வேட்டியை விரித்தால் துவைக்க வேண்டியது அந்த வேட்டியை மட்டும்தான். கனமான ஜமக்காளத்தின் முரட்டு இழைகளுக்குள் முடி சிக்கினால் அதை அடித்துத்தான் எடுக்க வேண்டும். வழவழப்பான கோரைப்பாய் ஒரே உதறலில் சுத்தமாகிவிடும்.

வாஷிங் மெஷினில் போடும்போது பலர் தவறுவது ஒரு இடத்தில்தான். முடி ஒட்டிய துணியை அப்படியே உள்ளே தள்ளக் கூடாது. நனைந்த முடி துணியோடு இன்னும் ஒட்டும், மற்ற துணிக்கும் பரவும். காய்ந்திருக்கும்போதே வெளியே உதறி, கையுறையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போடுங்கள். மெஷினைப் பாதி நிரப்பினால் தண்ணீர் புரண்டு முடி வெளியேறும். டாப் லோடில் உள்ளே தொங்கும் வலைப்பையையும், ஃப்ரன்ட் லோடில் கீழே மூடி போட்ட ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். நாயின் துணியைத் தனியாகத் துவைப்பது நல்லது.

பெருக்கியவர் கண்டுபிடித்த எந்திரம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவுப் பணி செய்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா. கம்பளத்தைப் பெருக்கும்போது கிளம்பும் தூசியில் மூச்சு முட்டும். மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றை வைத்துத் தனக்கென்று ஓர் எந்திரம் செய்தார். 1908-ல் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை விலைக்கு வாங்கியவர் டபிள்யூ.எச். ஹூவர், பிற்பாடு அவர் பெயரே வேக்குவம் கிளீனருக்கு வேறு பெயரானது. தூசியைத் தின்றவருக்குத்தான் அதற்கு வழி தோன்றியது.

வாங்குவதாக இருந்தால் நுண்தூசியையும் தடுக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதே அந்தத் தரம். அது இல்லாத மலிவு எந்திரம் முடியை முன்னால் உறிஞ்சி, தூசியைப் பின்னால் ஊதும். உருளும் பிரஷ்ஷில் சுற்றிய முடியை வாரம் ஒருமுறை கத்தரித்து எடுக்காவிட்டால் உறிஞ்சும் வேகமும் குறையும், மோட்டாரும் திணறும்.

தும்மலுக்குக் காரணம் முடியா?

நாய் முடி மூக்கில் போய்த்தான் தும்முகிறோம் என்று நினைக்கிறோம். ஒவ்வாமையைக் கிளப்புவது பூனை, நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் சில புரதங்கள். முடி அவற்றைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே. பூனையின் புரதம் மிக நுண்ணிய துகளில் ஒட்டிக் காற்றில் நெடுநேரம் மிதக்கும். பூனை வீட்டைவிட்டுப் போன பிறகும் மாதக்கணக்கில் மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கியிருக்கும்.

ஒவ்வாமை தராத இனம் என்று சொல்லி அதிக விலைக்கு விற்கப்படும் குட்டிகளை நம்பி வாங்க வேண்டாம். டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 170-க்கும் மேற்பட்ட வீடுகளின் தூசியைப் பரிசோதித்து 2011-ல் முடிவு வெளியிட்டார்கள். அப்படிச் சொல்லப்படும் இனங்கள் உள்ள வீட்டிலும் மற்ற வீட்டிலும் நாய்ப் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வீட்டில் ஆஸ்துமா இருப்பவர் சீப்பு எடுக்க வேண்டாம். படுக்கையறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

எப்போது டாக்டரிடம்?

பரவலாகக் கொட்டுவது இயல்பு. வட்ட வட்டமாகச் சொட்டை விழுவது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிவது, விடாமல் சொறிவது, தோலில் செதிலும் நாற்றமும் வருவது இயல்பல்ல. உண்ணி, சொறிப்பூச்சி, தைராய்டு குறைபாடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பூனையின் வட்டச் சொட்டை படர்தாமரையாக இருந்தால் கொஞ்சும் குழந்தைக்கும் தொற்றும். உதிர்ந்த முடியிலேயே அந்தப் பூஞ்சையின் வித்து இருக்கும். 1903 முதல் இயங்கும் வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு மருத்துவமனைகளில் இதற்குத் தோல் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

சாப்பாட்டையும் பாருங்கள். தினமும் வெறும் தயிர் சாதத்தில் வளரும் நாயின் முடி மங்கி, உடைந்து, அதிகம் உதிரும். முடி என்பதே புரதம். முட்டையோ கோழியோ மீனோ தட்டில் சேர்ந்தால் சில வாரங்களில் முடியில் மினுமினுப்பு தெரியும்.

முடி செல்வமாக இருந்த இடம்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் கோஸ்ட் சாலிஷ் மக்கள், முடிக்காகவே ஒரு நாய் இனத்தை வளர்த்தார்கள். செம்மறியைப் போல நாயைக் கத்தரித்து, அந்த முடியில் போர்வை நெய்தார்கள். நாய்களை வைத்திருந்ததும் நெய்ததும் பெண்கள். எத்தனை நாய் என்பதே அவர்களின் செல்வத்துக்குக் கணக்கு. ஐரோப்பியக் குடியேற்றத்துக்குப் பிறகு அந்த இனம் அழிந்தது. 1859-ல் இறந்த மட்டன் என்ற நாயின் தோல் வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருந்தது. அதன் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2023-ல் வெளியானது. அங்கே முடி பெண்களுக்கு வேலையோடு மரியாதையையும் கொண்டுவந்தது. நம் வீட்டில் அதே முடி வேலையை மட்டும் கொண்டுவருகிறது.

வேலையைப் பங்குபோடுங்கள்

தினமும் பத்து நிமிட சீப்பு: குட்டி கேட்டு அடம்பிடித்தவர். பத்து வயதுப் பிள்ளைக்கு இது முடியாத வேலை இல்லை. நாயின் விரிப்பை உதறிப் போடுவதும் அவரே.

வாரம் ஒருமுறை சோபா, மெத்தை, வேக்குவம் பிரஷ்: அப்பா.

குளியல், மெஷின் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர்: முறை வைத்து எல்லோரும்.

மிச்சம் தரை மட்டும்தான். அதை வேலைக்கு வரும் அக்கா செய்கிறார் என்றால், நாய் இல்லாத வீட்டுக்குப் பேசிய சம்பளத்தில் நாய் உள்ள வீட்டைப் பெருக்கச் சொல்வது நியாயமில்லை. குட்டிக்குத் தடுப்பூசி, தீவனம், கழுத்துப்பட்டை என்று பட்ஜெட் போடும் அன்றே அந்தப் பட்டியலில் அக்காவின் சம்பள உயர்வையும் ஒரு வரியாக எழுதுங்கள். அந்த வரிக்குக் கை வரவில்லை என்றால், குட்டி வாங்கும் யோசனையைத் தள்ளிப் போடுவது உத்தமம்.